தராசுக் கதிரை

யாழ்ப்பாணத்துக் கைதடியில் பூரணம், அன்னலட்சுமி என்று இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். மூத்தவள் பூரணத்துக்கு இரண்டு ஆண், ஒரு பெண். இளையவள் அன்னலட்சுமிக்கு யோகராசா ஒருவன்தான். பூரணத்தின் ஆண்பிள்ளைகளில் பெரியவன் எண்பத்தேழில் ஷெல் விழுந்து செத்துப்போனான். சின்னவன் கொழும்புக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டு வவுனியாவரைதான் போனான். அங்காலே அவனைக் கண்டவர்கள் இல்லை. மிஞ்சியது பெண். அவள்தான் இந்திராதேவி. கூடப்பிறந்த இரண்டு பேரும் இல்லாமல் போன பிறகு, தம்பி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு உலகத்தில் இருந்தது சின்னம்மாவின் மகன் யோகராசா மட்டும்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

மொன்றியலுக்கு முதலில் வந்தவள் இந்திராதேவி. புருஷன் நகுலேஸ்வரன் ஒரு பாண் பேக்கரியில் வேலை. மகள் சாருஜா இங்கே பிறந்தவள். இந்திராதேவி வந்த புதிதில் கோழி வெட்டுகிற இடத்தில் நின்றாள், பிறகு அலுவலகங்கள் துடைத்தாள், பிறகு ஜான்-டலோன் சந்தையில் பெட்டி தூக்கினாள். முழங்கால் இரண்டும் போன பிறகுதான் வில்லரே பக்கத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. கனடாவுக்கு வந்து அவள் நிற்காமல் கதிரையில் இருந்து செய்த முதல் வேலை அது. கதிரையில் பஞ்சு மெத்தை போட்டிருந்தது. பின்னால் ஈயம் உருக்குகிற அறை இருந்ததால் தை மாதத்துக் குளிரிலும் முதுகுக்கு இதமாக இருக்கும். முதல் நாள் வீட்டுக்கு வந்து புருஷனிடம், "இஞ்சாருங்கோ, இண்டைக்கு முழுக்க நான் இருந்தனான்" என்றாள். அதைவிடப் பெரிய சம்பவம் அந்த வருடம் அவர்கள் வீட்டில் நடக்கவில்லை.

அங்கே செய்தது ரிவோல்வருக்கான ஈயச் சன்னம். கேட்டவுடன் எங்கள் ஆட்கள் கதையை வேறு பக்கம் திருப்புவார்கள். ஆனால் இது வேறு விதம். இந்த நாட்டில் லைசென்ஸ் எடுத்து, கிளப்பில் சேர்ந்து, கடதாசியில் போட்ட வட்டத்தைப் பார்த்துச் சுடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தோட்டாவைக் கடையில் வாங்கமாட்டார்கள். வெளிக் கோது வேறு, வெடிமருந்து வேறு, பறந்து போகிற சன்னம் வேறு என்று வாங்கி, வீட்டில் இருந்து தாங்களே அடைப்பார்கள். எங்கள் பெண்கள் ஊறுகாய்க்கு உப்புப் பார்ப்பது போல அவர்கள் அதை அவ்வளவு கவனமாகச் செய்வார்கள். அப்படியான ஆட்களுக்குத்தான் பட்டறைக்காரர் முசியே லூசியன் சன்னம் வார்த்து விற்றார்.

இந்திராதேவி வெளியே இதை விபரமாகச் சொல்வதில்லை. "ஈயக் கம்பனி" என்பாள். கீழ்வீட்டில் இருந்த செபஸ்தியாம்பிள்ளை மட்டக்களப்பு ஆள், கடலை விட்டு வந்து இருபது வருஷமானாலும் வாயில் கடல்தான். "வலைக்குக் கட்டுற ஈயமா புள்ள?" என்று கேட்பார். "ஓம் அண்ணை, அது மாதிரித்தான்" என்பாள். "அப்ப எனக்கும் ரெண்டு கொண்டு வாவன், சென் லோறன் ஆத்தில வலை போடுவம்" என்று அவர் சிரிப்பார்.

அவளுடைய வேலை நிறுப்பது. ஒவ்வொரு சன்னமும் நூற்றைம்பத்தெட்டு கிறெயின் இருக்கவேண்டும். கிறெயின் என்றால் ஒரு தானியமணி அளவு நிறை, அவ்வளவு சின்னது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. அதற்கும் கீழே இறங்கினால், வார்க்கும்போது உள்ளே காற்று அகப்பட்டுப் புரை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி மினுங்கிக்கொண்டு கிடக்கும். தராசில் வைத்தால்தான் உள்ளுக்குள் ஓட்டை இருப்பது தெரியும். அப்படியான சன்னம் பறக்கும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், நடுவட்டத்தில் விழவேண்டியது கரையில் விழும் என்று முசியே லூசியன் கையை ஆட்டிக் காட்டுவார்.

சரியான நிறை உள்ளவை நீலத் தட்டத்துக்குள் போகும். அங்கிருந்து ஜினெட் என்கிற வெள்ளைக்காரப் பெண் எடுத்து மெழுகு பூசிப் பெட்டியில் அடுக்குவாள். நிறை குறைந்தவை சிவப்புத் தட்டத்துக்குள். பின்னேரம் முசியே லூசியன் வந்து முதலில் பார்ப்பது சிவப்புத் தட்டத்தைத்தான். அதில் கொஞ்சம் கிடந்தால் பேசாமல் போவார். குவிந்து கிடந்தால் நேரே வார்க்கிறவனிடம் போய், சட்டியின் சூட்டைப் பார், அச்சைப் பார், ஏன் அவசரப்படுகிறாய் என்று தொடங்குவார். பிறகு அவை எல்லாம் திரும்ப உருக்குகிற சட்டிக்குள் போகும்.

யோகராசா இரண்டாயிரமாம் ஆண்டு வந்து இறங்கினான். ஆறு மாதம் அக்கா வீட்டு சோபாவில் படுத்தான். வார்க்கிறவன் ஒருவன் வேலையை விட்டுப் போனபோது இந்திராதேவி முசியே லூசியனுக்கு முன்னால் போய் நின்று, நெஞ்சில் கையை வைத்து, "மொன் ஃப்ரேர், மொன் ஃப்ரேர்" என்றாள். என்னுடைய சகோதரன் என்று. அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அதோடு முடிந்தது. அவர் சரி என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, யோகராசா கெட்டிக்காரன். பின்னேர வகுப்புக்குப் போய் ஒரு வருடத்துக்குள் பிரெஞ்சு பிடித்துக்கொண்டான். இந்திராதேவிக்கு அது வாய்க்கவில்லை. வேலை, சமையல், பிள்ளை என்று அவளுடைய பின்னேரங்கள் போய்விட்டன. அதுவரை கையாலும் கண்ணாலும் கதைத்துச் சமாளித்தவள், தம்பி வந்த பிறகு அதையும் விட்டுவிட்டாள். முசியே சொல்வதை அவளுக்கும், அவள் சொல்வதை முசியேக்கும் அவன்தான் மாற்றிக் கொடுப்பான். அவளுக்கு அதில் ஒரு பெருமை. சந்தையில் கண்டவர்களிடம் எல்லாம், "என்ரை தம்பி வெள்ளையள் மாதிரிக் கதைப்பான்" என்று சொல்லித் திரிந்தாள்.

ஆனால் வார்ப்பில் அவனுக்குப் பொறுமை இல்லை. ஈயம் ஊற்றினால் அது இறுகும்வரை நின்று அச்சைத் திறக்கவேண்டும். அவன் நிற்கமாட்டான்.

"யோகன், இங்கை வா. இதை ஒருக்காப் பார்."

"என்னக்கா?"

"நூற்றைம்பத்துமூண்டு. இது நூற்றைம்பத்தொண்டு. நீ சன்னம் வாக்கிறியோ, புட்டு அவிக்கிறியோ?"

"புட்டெண்டால் உங்களிட்டை வரவே விடமாட்டன், நானே திண்டிடுவன்."

"பகிடி விடாதை. அந்த மனுசன் பின்னேரம் தட்டத்தைப் பாத்தா உன்னைத்தான் பேசப்போறான்."

"பாத்தாத்தானே அக்கா. நீங்கள் இருக்கிறியள் தானே."

நீங்கள் இருக்கிறீர்கள்தானே. அவ்வளவுதான் அவன் சொன்னது. அன்று முசியே வருவதற்கு முன் இந்திராதேவி சிவப்புத் தட்டத்தில் ஒரு பிடியை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய் உருக்குகிற சட்டிக்குள் கொட்டினாள். உருகின ஈயத்தில் பழைய பிழை எது, புதிய பிழை எது? தராசுக்குக்கூடத் தெரியாது. முசியே வந்தார், தட்டத்தைப் பார்த்தார், பேசாமல் போனார்.

பிறகு அது வழக்கமாயிற்று. ஒரு தமக்கை தம்பிக்காகச் செய்கிற காரியம், அதில் என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள். முசியேயின் கண்ணில் மண் தூவுகிறோம் என்ற நினைப்பு அவளுக்கு வரவேயில்லை. அடுத்த வீட்டில் தம்பி மாங்காய் பிடுங்கினால் தான் பிடுங்கினேன் என்று சொல்லி அடி வாங்குகிற அக்காமாரின் கூட்டம் அவள்.

இரண்டாயிரத்து மூன்றில் யோகராசா சென்னைக்குப் போய்க் கலியாணம் செய்தான். பெண் கௌரி, கொக்குவில் பக்கம். அவளை ஸ்பொன்சர் செய்துவிட்டுத் திரும்பி வந்து காத்திருந்தான்.

அடுத்த வருடம் வைகாசியில் சாருஜா பெரியபிள்ளை ஆனாள். வீட்டோடு தண்ணீர் வார்த்து, சாமத்தியவீடு என்கிற பூப்பு நீராட்டு விழாவை ஐப்பசியில் மண்டபம் எடுத்துச் செய்வதென்று முடிவாயிற்று. மேடை, மாலை, வீடியோ, எல்லாம் காசைக் கொடுத்தால் வரும். மாமன் மட்டும் காசுக்கு வரமாட்டான். பிள்ளையின் தாய்க்குச் சகோதரமாக இருக்கிறவன்தான் தேங்காய் உடைத்துப் பிள்ளையைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிவர வேண்டும். மாமன் இல்லாத சாமத்தியவீட்டில் பார்க்கிறவர்களுக்குப் பிள்ளையின் அலங்காரம் தெரியாது, தாயின் பக்கத்து வெறுமைதான் தெரியும். செத்த அண்ணனுக்கும் காணாமல் போன தம்பிக்கும் சேர்த்து நிற்கவேண்டிய இடம் அது.

"என்ரை பக்கத்திலை கனபேர் இருக்கினம்," என்றார் நகுலேஸ்வரன். "உன்ரை பக்கத்துக்குத்தான்…"

"ஏன், என்ரை தம்பி இருக்கிறான்."

யோகராசாவிடம் சொன்னபோது அவன் சாருஜாவின் தலையைத் தடவி, "நான் இல்லாமல் ஆர் உடைக்கிறது? பட்டு வேட்டி கட்டி வருவன், பார்" என்றான். சாருஜா பிரெஞ்சில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். "என்னவாம்?" என்று இந்திராதேவி கேட்டாள். "மாமா வேட்டி அவிழ்ந்து விழாமல் பெல்ற் கட்டோணுமாம்," என்று அவன் மாற்றிச் சொன்னான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஆனி பிறந்த பிறகு அவன் இன்னும் கரிசனையாக மாறினான். மத்தியானம் வந்து, "அக்கா, நீங்கள் போய் ஆறுதலாச் சாப்பிடுங்கோ. சிவப்புத் தட்டத்தை நான் கொண்டுபோய்க் கொட்டுறன். முழங்காலோடை ஏன் திரியிறியள்?" என்பான். அவள் போய்ச் சாப்பிடுவாள்.

ஆவணியில் கௌரி வந்து சேர்ந்தாள். அந்த மாதக் கடைசியில் பட்டறைக்குச் சன்னப் பெட்டிகள் திரும்பி வந்தன.

ஒரு கிளப்பில் இருந்து, பிறகு இன்னொரு கிளப்பில் இருந்து. சுடுகிறவர்கள் வீட்டில் நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். முசியே லூசியன் இந்திராதேவியின் தராசிலேயே, அவளுக்கு முன்னாலேயே, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நூற்றைம்பத்திரண்டு. நூற்றைம்பத்துநான்கு. ஒன்று நூற்றைம்பதுக்கும் கீழே. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. யோகராசா பக்கத்தில் நின்றான்.

"யோகன், நான் சொல்றதை அப்பிடியே சொல்லு. நிறை குறைஞ்சதெல்லாம் நான் சிவப்புத் தட்டத்திலைதான் போட்டனான். ஒண்டுகூட நீலத்துக்குப் போகேல்லை. எப்பிடிப் பெட்டிக்கு வந்ததெண்டு எனக்கு விளங்கேல்லை எண்டு சொல்லு."

யோகராசா சொன்னான். அவள் சொன்னதைவிட நீளமாகச் சொன்னான். குரலைத் தாழ்த்திச் சொன்னான். ஒருமுறை கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். முசியேயின் முகம் இளகிக்கொண்டு வந்தது. அவர் அவளைப் பார்த்து மெதுவாக, "உய்?" என்று கேட்டார். ஆமாவா என்று. தம்பி தன் பக்கம் எடுத்துச் சொல்லிவிட்டான் என்ற ஆறுதலில் இந்திராதேவி தலையைப் பலமாக ஆட்டி, "உய், உய், முசியே" என்றாள். அவர் அவளுடைய தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"என்னவாம் யோகன்?"

"ஒண்டுமில்லை அக்கா. கொஞ்சநாள் வீட்டிலை இருந்து ஆறட்டாம். பேந்து கூப்பிடுறாராம்."

"ஏன் ஆற? நான் களைச்சுப் போனனெண்டு ஆர் சொன்னது?"

"பெட்டியள் திரும்பி வந்ததாலை வேலை குறைவு. எல்லாருக்கும்தான்."

சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிடும்போது ஜினெட் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இந்திராதேவியின் மூக்கில் மாட்டி, தராசைக் காட்டி, தலையைத் தலையை ஆட்டினாள். இந்திராதேவிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, தெரிந்த இங்கிலிஷில், "மை ஐ குட்" என்றாள். ஜினெட்டின் முகம் மாறியது. வார்ப்பறைப் பக்கம் கையைக் காட்டி, "தொன் ஃப்ரேர்" என்றாள். உன் சகோதரன். தன் இரண்டு கண்களையும் உள்ளங்கையால் பொத்திக் காட்டினாள். பிறகு வாய்க்குக் கிட்ட விரல்களைக் குவித்து விரித்தாள். அவன் அப்படிச் சொன்னான் என்று. இதற்கு மொழி வேண்டியதில்லை.

பஸ் தரிப்பில் அவனைப் பிடித்தாள்.

"எனக்குக் கண் தெரியாதெண்டோ சொன்னனி?"

அவன் தடுமாறவில்லை. "பின்னை என்னத்தைச் சொல்லுறது? சிவப்புத் தட்டத்தை நீங்கள் வருசக்கணக்காக் கொட்டினதைச் சொல்லவோ? அதுக்கு இவங்கள் வேறை பேர் வைப்பாங்கள் அக்கா. கண் ஏலாதெண்டால் பாவம் எண்டு விடுவாங்கள். நான் உங்களைக் காப்பாத்தினனான்."

அதில் ஒரு பாதி உண்மை இருந்தது. கொட்டியது அவள்தானே. உண்மையைச் சொல்வதென்றால் தம்பியின் பிழையை மூடியதையும் சொல்லவேண்டும். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று முசியே கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? அவன் சொன்னதை நம்பினாள். நம்பாமல் விட்டால் ஐப்பசியில் மேடையில் ஆள் இல்லை. அந்தக் கணக்கும் உள்ளே ஒரு மூலையில் ஓடியிருக்கும்.

வீட்டில் நகுலேஸ்வரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப எப்பிடியப்பா பெட்டிக்குள்ளை போச்சு?"

"நான்தான் கவனிக்காமல் விட்டிருப்பன்."

சொல்லிவிட்டு ஜன்னலடிக்குப் போய் எதிரே டெப்பனர் என்கிற மூலைக் கடையின் பலகையைப் பார்த்தாள். எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. அதன் கீழே ஒட்டியிருந்த விளம்பரத்தில் பாலின் விலைகூடத் தெரிந்தது. ஆனாலும் அடுத்த நாளும் போய்ப் பார்த்தாள். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். தன்னுடைய கண்ணைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒரு மனுசி புரட்டாதி மாதம் முழுவதும் அந்த ஜன்னலடியில் நின்றாள். முசியே கூப்பிடவில்லை.

சாமத்தியவீட்டுக்கு அழைப்பதில் ஒரு முறை இருக்கிறது. மற்றவர்களுக்குக் கார்ட் போதும். மாமன் வீட்டுக்குத் தட்டம் கொண்டு நேரில் போகவேண்டும். இந்திராதேவி சந்தையில் பழம் வாங்கி, பலகாரம் சுட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, பித்தளைத் தட்டத்தைத் துணியால் மூடிக்கொண்டு போனாள். யோகராசா வில்லரேயில் மேல்மாடி ஒன்று எடுத்திருந்தான். வாசலுக்கு வெளியே வளைந்து வளைந்து ஏறுகிற இரும்புப் படி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கௌரி கதவைத் திறந்துவிட்டுத் திரும்பக் குசினிக்குள் ஓடினாள். "வாங்கோ மச்சாள், இருங்கோ. கை ஊத்தையாக் கிடக்கு. இவர் குளிக்கிறார்." தண்ணீர்க் குழாயடியில் நின்று விரல்களைத் தேய்த்துக்கொண்டே கதைத்தாள். "இந்தச் சாம்பல் நிறம் போகுதில்லை மச்சாள். தேசிக்காயும் போட்டுப் பாத்தன். நீங்கள் என்ன போட்டுக் கழுவினனீங்கள்?"

இந்திராதேவி அந்த விரல்களைப் பார்த்தாள். பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கறுத்திருந்தன. சன்னத்தைத் தூக்கித் தராசில் வைக்கிற இரண்டு விரல்கள்.

"எங்கை பிள்ளை வேலை?"

"உங்கடை இடந்தான் மச்சாள். தராசிலை. இவர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?" கௌரி வெகுளியான பிள்ளை, திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள். "நான் சென்னையிலை நிக்கேக்கையே போனிலை சொன்னவர். அக்காவுக்குக் கண் ஏலாமல் வருது, அவ விடப்போறா, நீ வந்த உடனை உனக்கு இருந்து செய்யிற வேலை கிடக்கு எண்டு. ஆனியிலையே சொன்னவர். நான் அப்ப விசாவுக்கு நிண்டனான். இப்ப எப்பிடி மச்சாள் உங்கடை கண்?"

ஆனி. பெட்டிகள் திரும்பி வந்தது ஆவணியில். ஆனி மாதத்தில் இந்திராதேவியின் கண்ணைப் பற்றி உலகத்தில் ஒருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனி மாதத்தில் இருந்ததெல்லாம் மத்தியானச் சாப்பாடு. ஆறுதலாகச் சாப்பிடுங்கோ அக்கா, தட்டத்தை நான் கொட்டுறன். எதற்குள் கொட்டினாய் என்று அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

யோகராசா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். தட்டத்தைக் கண்டு முகம் மலர்ந்தது. "அட, அக்கா! சொல்லியிருந்தா நான் வந்து கூட்டிக்கொண்டு வந்திருப்பனே."

"யோகன், சிவப்புத் தட்டத்தை எங்கை கொட்டினனி?"

"என்னக்கா இப்ப அது?"

"சட்டிக்குள்ளையோ, நீலத் தட்டத்துக்குள்ளையோ?"

"முதல் தேத்தண்ணி குடியுங்கோ. கௌரி, அக்காவுக்கு…"

"கேட்டதுக்குச் சொல்லு."

அவன் கௌரியைப் பார்த்தான். கௌரி குழாயைப் பூட்டிவிட்டு நின்றாள். அவன் துவாயைத் தோளில் போட்டான். எப்படியும் அவன் பொய்தான் சொல்லப்போகிறான், அதை எப்படித் தாங்குவது என்று இந்திராதேவி நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் பொய் சொல்லவில்லை.

"அக்கா, அத்தான் உழைக்கிறார். உங்களுக்கு வீடு, பிள்ளை எல்லாம் சரியா இருக்கு. இவள் புதுசு. பாஷை தெரியாது. குளிருக்கை கோழி வெட்ட விடவோ? தராசு எண்டால் இலக்கம் வாசிச்சாப் போதும். நான் வேறை என்ன செய்ய? உங்களிட்டைக் கேட்டிருந்தால் நீங்கள் குடுத்திருப்பியள் தானே?"

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பன்ரா," என்றாள் இந்திராதேவி. "கேட்டிருக்கலாமே."

அவன் துவாயைத் திரும்ப எடுத்தான். குனிந்து தலையைத் துவட்டினான். தலை ஏற்கெனவே காய்ந்திருந்தது.

இந்திராதேவி எழும்பித் தட்டத்தைத் தூக்கினாள். மாமன் வீட்டுக்குக் கொண்டுபோன தட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கௌரி, "மச்சாள், எனக்குத் தெரியாது மச்சாள்" என்று பின்னால் வந்தாள்.

"உனக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை," என்றாள் இவள். "கையை முதல் பச்சைத் தண்ணியிலை கழுவு. பேந்து சவுக்காரம் போடு. நல்லாக் கழுவாமல் சோத்திலை கை வையாதை, ஈயம் வயித்துக்குக் கூடாது."

இரண்டு கையிலும் தட்டம். பிடிக்கக் கை இல்லாமல் அந்த இரும்புப் படியில் ஒவ்வொன்றாக இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து தட்டத்தை மேசையில் வைத்தபோது நகுலேஸ்வரன் பார்த்தார். விளங்கிக்கொண்டார். கார்ட்டில் மாமன் என்று பெயர் அடித்தாயிற்றே என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைக் கண்டுவிட்டுப் பலகாரத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்கே இந்திராதேவி கீழ்வீட்டுக்கு இறங்கிப் போனாள்.

"அண்ணை, சாருஜாவுக்கு நீங்கள்தான் தேங்காய் உடைக்கோணும்."

செபஸ்தியாம்பிள்ளை கையில் இருந்த கோப்பையை வைத்தார். "நான் வேதக்காரன் புள்ள. ஐயர் ஏதும் சொல்லமாட்டாரா?"

"ஐயர் வீடியோக்காரன் சொல்றதைத்தான் கேப்பார்."

"ஏன், ஒன்ட தம்பி?"

அவள் அவர் வைத்த கோப்பையை எடுத்து மேசையின் நடுவுக்கு நகர்த்தினாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "அப்ப எனக்கு ஒரு வேட்டி வேணும்," என்றார்.

ஐப்பசியில் மண்டபம் நிறைந்த சனம். சாருஜா சிவப்புச் சேலையில் அழகாக இருந்தாள். இந்திராதேவி மேடையில் நிற்கும்போது யோகராசா உள்ளே வந்தான். கௌரி வரவில்லை. அழைக்காத வீட்டுக்கு அவன் வந்தது ஏன் என்றால், வராமல் விட்டால் சனம் கேட்கும். பட்டு வேட்டி கட்டித்தான் வந்திருந்தான். வீடியோக்காரன், "பிள்ளையின்ரை மாமன் முன்னுக்கு வாங்கோ" என்று மைக்கில் கூப்பிட்டபோது அவன் கதிரையை விட்டுப் பாதி எழும்பிவிட்டான். அதற்குள் செபஸ்தியாம்பிள்ளை மனதுக்குள் சிலுவை போட்டபடியோ என்னவோ, தேங்காயைத் தூக்கி ஒரே அடியில் பிளந்தார். யோகராசா வேட்டியைச் சரிசெய்கிறவன் போல நின்று, திரும்ப இருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். பிறகு மேடையைப் பார்த்தார்கள். பிறகு அவனிடம் குனிந்து கேட்டார்கள்.

அவன் என்ன சொன்னான் என்று மேடையில் இருந்த இந்திராதேவிக்குக் கேட்கவில்லை. ஆனால் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்திக் கதைத்தான். ஒருமுறை கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். கேட்டவர்களின் முகம் இளகிக்கொண்டு வந்தது. அந்த மேசையில் இருந்து அடுத்த மேசைக்குக் கதை போனது. பந்தி வைத்தபோது அவன் இருந்து சாப்பிட்டான். பாயாசம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினான்.

ஆராத்தி எடுத்து, எல்லாம் முடிந்து இந்திராதேவி மேடையால் இறங்க வந்தாள். நகுலேஸ்வரனுக்குத் தூரத்துச் சொந்தமான சிவநேசம் அக்கா எங்கிருந்தோ விரைந்து வந்து அவளுடைய முழங்கையை இறுகப் பிடித்தா.

"பாத்து பிள்ளை, படி கிடக்கு."

"எனக்குத் தெரியுதக்கா."

"ஓம் ஓம். தெரியுமெண்டுதான் சொல்லுவாய். எங்களுக்கு ஏனடி மறைக்கிறாய்? அவன் பாவம், உண்மையாக் கண் கலங்கிப்போய் இருக்கிறான். சொந்தத் தம்பி வாசல்லை வந்து நிக்கேக்கையே உனக்கு ஆளை ஆரெண்டு மட்டுக்கட்ட ஏலாமல் போச்சாம். நல்ல டொக்டராப் பாத்துக் காட்டுங்கோ."

இந்திராதேவி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மண்டபத்தின் மறுகோடியில் யோகராசா கை துடைத்துக்கொண்டிருந்தான். வேட்டிக் கரையில் பாயாசம் ஒரு துளி சிந்தியிருந்தது. அவன் வெற்றிலை எடுத்து, நரம்பைக் கிள்ளிப் போட்டு, மடித்து, வாயில் வைத்தான். எல்லாம் தெரிந்தது.

இந்தப் பக்கமிருந்து இன்னொரு மனுசி வந்து மற்றக் கையைப் பிடித்தா. இரண்டு பேருமாக அவளை ஒவ்வொரு படியாக, இதோ ஒன்று, இதோ இன்னொன்று என்று சொல்லிச் சொல்லி இறக்கினார்கள்.